மேடை மேல ஒண்ணும் தெரியக்கூடாது: பெருந்துறை வீட்டுச் சமையக்கட்டுக்கு மாடுலர் யோசனை வேணுமுங்க

பெருந்துறை வீடு | 3 ஜூன் 2025, காலை 8.10

பழைய சமையக்கட்டு 12 அடிக்கு 9 அடி. கடப்பாக்கல் தட்டு, செங்கல் மேடை, மேல சுத்தியும் அட்டாளி. எல்லாத்தையும் இடிச்சுப்போட்டு மாடுலரா (பொட்டி பொட்டியாச் செஞ்சு கொண்டாந்து மாட்டறது) புதுசா பண்றோம். கைப்பிடி இல்லாத வெள்ளை மேட் ஷட்டர் (அலமாரிக் கதவு), வெள்ளை குவார்ட்ஸ் மேடை, கருப்புக் குழாய். மேடை மேல ஒரு பொருள் தெரியக்கூடாது. 12 அடி நீளம் கிழக்குச் சுவர், அதுல நட்டநடுவுல 4 அடி சன்னல். அடுப்பு தென்கிழக்குல கிழக்கு பாத்து வரோணும்னு வீட்டுல கண்டிசன். கதவு மேற்குல. தண்ணி போர் தண்ணி மட்டும். ஆறு பேர் சாப்பிடற வீடு. மாடுலர்காரங்க எச்.டி.எச்.எம்.ஆர். போர்டு (மர நாரை அழுத்திச் செஞ்ச, ஈரம் தாங்கற பலகை) சொல்றாங்க, ஆசாரி 710 பிளைவுட்னு (தண்ணி தாங்கற பிளைவுட்) நிக்கறாரு. எதுக்குப் போறதுங்க?

பட்டறை பல்லடம் | 3 ஜூன், 9.45

போர்டு அப்பறம். இப்ப மேடை மேல இருக்கறது எல்லாத்தையும் ஒரு காயிதத்துல எழுதுங்க: கிரைண்டர், மிக்சி, தண்ணி பில்டர், இண்டக்சன், எண்ணெய்த் தூக்கு, உப்பு புளி டப்பா, கழுவின போசி கவுக்கற கூடை. ஒவ்வொண்ணுக்கும் நேரா நீளம், அகலம், உயரம், எடை, வாரத்துல எத்தனை தடவை எடுப்பீங்கன்னு போடுங்க. அதுக எல்லாத்துக்கும் இடம் குடுத்த பிறகுதான் ஷட்டர் கலரைப் பேசோணும். மினிமல் கிச்சன்னு கட்டி ஆறு மாசத்துல மேடை நிறைஞ்சு போறதுக்கு ஒரே காரணம், அந்தப் பொருளுக்கெல்லாம் வரைபடத்துல வீடே இல்லாததுதான்.

கோவை டிசைன் | 3 ஜூன், 11.20

பல்லடத்தார் சொன்னதோட சேத்து. உங்க அளவுக்கு எல் வடிவம் சரியா உக்காரும். கிழக்குச் சுவர் முழுக்க ஒரு மேடை, வடக்குச் சுவர்ல இன்னொண்ணு.

சன்னல் நடுவுல இருக்கறதால ரெண்டு பக்கமும் 4 அடி சுவர் கிடைக்குது. தென்கோடி 4 அடில அடுப்பு. 60 செ.மீ. ஹாப் (மேடைல பதிக்கற அடுப்பு) எடுத்து, நடுப்புள்ளியைத் தெற்குச் சுவர்ல இருந்து 2 அடில வைங்க. அப்பத்தான் ஹாப் ஓரத்துக்கும் சுவருக்கும் ஒரு அடி இருக்கும், வாணலிப் பிடி சுவர்ல இடிக்காது. சிம்னி 75 செ.மீ. எடுத்தா ஹாப்பைத் தாண்டி ரெண்டு பக்கமும் மூணு அங்குலம் மூடும்.

சிங்க் வடகோடில. ஹாப்புக்கும் சிங்க்குக்கும் நடுவுல சன்னலுக்கு அடியில ஆறு அடிக்கு மேல சுத்தமான மேடை வரும். நறுக்கறது, பிசையறது, வட்டல் (சாப்பாட்டுத் தட்டு) போடறது எல்லாம் அங்கதான். அந்த ஆறு அடியைக் காலியா வெச்சாப் போதும், சமையக்கட்டு முழுசும் காலியாத் தெரியும். மத்த சாமான் எல்லாம் வடக்குச் சுவருக்குப் போகட்டும்.

பெருந்துறை வீடு | 3 ஜூன், இரவு 9.30

எழுதிப் பாத்தோமுங்க. 2 லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர், மிக்சி, ஆர்.ஓ., இண்டக்சன், ஓவன். அது போக 25 கிலோ அரிசிச் சிப்பம் எப்பவும் ஒண்ணு, 15 கிலோ கடலெண்ணெய் டின் ஒண்ணு, சந்தகை (இடியாப்பம் மாதிரி) பிழியற எந்திரம், பலகாரம் சுடற பெரிய வாணலி ரெண்டு. மாடுலர்காரங்க கிரைண்டரைக் கீழ டிராயர்ல வெச்சு இழுத்துக்கலாம்னு படம் போட்டுக் குடுத்துருக்காங்க.

பட்டறை பல்லடம் | 4 ஜூன், காலை 7.15

கிரைண்டரை டிராயர்ல வைக்க வேண்டாமுங்க. சாதாரண சாப்ட் குளோஸ் (தானா மெதுவா மூடற) டிராயர் 30 கிலோ தாங்கும்னு போட்டிருக்கும். அது அசையாம இருக்கற எடைக்கு. கல்லு, மாவு, தண்ணியோட ஓடற கிரைண்டர் அதிர்வு சேந்தா டிராயர் ஓடற சேனல்ல இருக்கற சின்ன உருளை தேஞ்சு, டிராயர் முகப்பு ஒரு பக்கம் இறங்கிரும். கைப்பிடி இல்லாத கிச்சன்ல 2 மி.மீ. இறங்கினாலே கோடு கோணலாத் தெரியும்.

இன்னொண்ணு, 33 அங்குல மேடை மேல கிரைண்டரை வெச்சா கல்லு எடுக்கற இடம் நெஞ்சு உயரத்துக்கு வந்துரும். தோளை மேல தூக்கித்தான் கல்லைக் கழட்டோணும். அதனால வடக்கு மேடைல சிங்க்கை ஒட்டி ரெண்டரை அடி நீளத்தை மட்டும் 25 அங்குல உயரத்துல தாழ்த்தி, அதே கல்லைப் போட்டு, முன்னால மேல தூக்கற ஷட்டரோ உருட்டற ஷட்டரோ போட்டுருங்க. மூடினா மத்த யூனிட் மாதிரியே இருக்கும். திறந்தா கிரைண்டர் அதோட இடத்துலயே ஓடும், அங்கயே கழுவலாம். அந்தக் கல்லை முன்பக்கம் லேசா வாட்டம் வெச்சுப் போடச் சொல்லுங்க, மாவுத் தண்ணி உள்ள தேங்காது.

மிக்சியும் அதே பொட்டிக்குள்ள. ஆழம் 22 அங்குலம் இருக்கோணும், பின்னால பிளக்கு ரெண்டு அங்குலம் எடுத்துக்கும்.

பொள்ளாச்சி சமையல் | 4 ஜூன், 10.05

கோயமுத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்குது, நம்ம ஊர் கிச்சன் வரைபடத்துல அதுக்கு ஒரு இடம் இருக்கறதில்லை. வெளிநாட்டுப் படத்தைப் பாத்து வரையறதால வர்ற வினை.

சந்தகை எந்திரத்தை மேடைல வெச்சு அழுத்தற மாதிரி யோசிக்காதீங்க. முழு உடம்பு பாரத்தையும் போட்டு அழுத்தறது அது. மேடை முகப்புல கல்லு வெளிய நீட்டிட்டு இருக்கற பாகத்துல அந்தப் பாரம் விழுந்தா சிங்க் மூலைல விரிசல் விடும். தரையிலயே புழங்கட்டும். வைக்கறதுக்கு டால் யூனிட்ல (தரைல இருந்து மேல வரைக்கும் போற உயர அலமாரி) குறுக்குத் தட்டு இல்லாத ஒரு அறை வேணும். உங்க எந்திரத்து உயரத்தோட ரெண்டு அங்குலம் சேத்து விடுங்க.

அரிசிச் சிப்பத்துக்கும் எண்ணெய் டின்னுக்கும் இழுக்கற டிராயர் ஆகாது. டால் யூனிட்டோட அடிப்பலகையையே எடுத்துப்போட்டு, தரை டைல்ஸ் மேல நேரா ஓடற சக்கரப் பலகை ஒண்ணு வைங்க. பிரேக் இருக்கற சக்கரம் நாலு. 25 கிலோ சிப்பம் பாரம் தரைக்குப் போயிரும், யூனிட்டுக்கு வராது. எண்ணெய் டின் ஏறக்குறைய 14 அங்குல உயரம், அதுக்கு மேல ஊத்தற கை போக இடம் விடோணும்.

கோவை டிசைன் | 4 ஜூன், மதியம் 1.40

இப்ப போர்டு. ஆசாரி சொல்றதும் சரி, கம்பெனி சொல்றதும் சரி, ரெண்டும் வேற வேற இடத்துக்கு.

பொட்டிக்கு (கார்கஸ்) ஐ.எஸ். 710 பிளைவுட். தண்ணில 72 மணி நேரம் கொதிக்க வெச்சும் பசை விடக்கூடாதுங்கறது அந்தத் தரத்தோட சோதனை. திருகு பிடிப்பு நல்லா இருக்கும், கழட்டி மாட்டினாலும் தாங்கும். சீட்ல ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழ சி.எம்./எல். எண் அடிச்சிருக்கும், அதைய பி.ஐ.எஸ். கேர் ஆப்ல போட்டுப் பாருங்க. 710னு சீல் மட்டும் குத்தின சீட் நிறைய சுத்துது.

ஷட்டருக்கு எச்.டி.எச்.எம்.ஆர். காரணம் சமதளம். பிளைவுட் உள்ளுக்குள்ள குறுக்கும் நெடுக்குமா மரத்தோலு, நாலு அடிக்கு மேல நீளமான ஷட்டர் வளையும். கைப்பிடி வெச்ச கிச்சன்ல அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாது. உங்களோடதுல 3 மி.மீ. இடைவெளிக் கோடுதான் அழகே, அது ஒரு பக்கம் 3 ஒரு பக்கம் 6னு இருந்தா முடிஞ்சுது. ஷட்டரோட ரெண்டு பக்கமும் ஒரே தடிமன் லேமினேட் ஒட்டச் சொல்லுங்க. வெளிய 1 மி.மீ., உள்ள 0.7 மி.மீ. ஒட்டினா தடிச்ச பக்கம் இழுத்துக்கும்.

சிங்க் யூனிட் மட்டும் ரெண்டும் வேண்டாம். துருப்பிடிக்காத 304 ஸ்டீல் பொட்டியோ, கெட்டியான பி.வி.சி. போர்டோ போடுங்க.

பட்டறை பல்லடம் | 4 ஜூன், மாலை 6.25

கூட ஒண்ணு. எட்ஜ் பேண்ட் (பலகை ஓரத்துல ஒட்டற பட்டை) எந்தப் பசைன்னு கேளுங்க. சாதாரண ஈ.வி.ஏ. பசை சூட்டுல இளகும், ஹாப்புக்குக் கீழ இருக்கற ஷட்டர் மேல் ஓரம்தான் முதல்ல வாயைப் பிளக்கும். பி.யு.ஆர். பசைன்னா சூடும் ஈரமும் தாங்கும். கிச்சன் முழுக்கப் போட முடியாட்டி ஹாப், சிங்க் ரெண்டு யூனிட்டுக்காவது போட்டுருங்க.

பழைய கடப்பாக்கல்லை அப்படியே தடுப்பா வெச்சுட்டு ஷட்டர் மட்டும் மாட்டலாம்னு யாராச்சும் சொன்னா: கரையானுக்கு, தண்ணிக்கு அது நல்லதுதான். ஆனாக் கடப்பாக்கல்லு எங்கயும் ஒரே தடிமன் இருக்காது, டிராயர் சேனல் நேரா நிக்காது. உள்ள 12 மி.மீ. பிளைவுட் வெச்சு ரசமட்டம் பாத்து லைனிங் பண்ணோணும். அப்படிப் பண்ணினா ஒவ்வொரு அறைலயும் ஒரு அங்குலம் போயிரும்.

பெருந்துறை வீடு | 5 ஜூன், காலை 6.50

கைப்பிடிக்குப் பதிலா தட்டினாத் திறக்கறது (புஷ் ஓபன்) போடலாமா, கோலா புரொபைல் (ஷட்டர் ஓரத்துக்குப் பின்னால விரல் போட்டு இழுக்க விடற அலுமினியப் பள்ளம்) போடலாமா? தட்டினா திறக்கறதுதான் சுத்தமாத் தெரியுது.

கோவை டிசைன் | 5 ஜூன், 9.00

கீழ் வரிசைக்குப் புஷ் ஓபன் வேண்டாம். மேடைல நிக்கறப்ப இடுப்பு பட்டாலே டிராயர் திறக்கும். எண்ணெய்க் கை பட்ட இடம் வெள்ளை மேட்ல வட்டமாத் தெரியும். சாதாரண புஷ் ஓபன்ல சாப்ட் குளோஸும் கிடைக்காது.

மாடுலர் பிட்டர் | 5 ஜூன், 11.15

கோவை டிசைன் சார், ரெண்டும் சேந்து வர்ற சேனல் இருக்குதுங்க, புளூம் டிப்-ஆன் புளூமோஷன் மாதிரி. விலை கூட. முகப்பு இடைவெளி கொஞ்சம் மாறினாலும் வேலை செய்யாது, டியூன் பண்ணத் தெரிஞ்ச ஆள் வேணும். இடுப்பு பட்டுத் திறக்கற தொல்லை அதுலயும் இருக்கு, அதனால உங்க முடிவு சரிதான்.

கோலா போடறப்ப உயரக் கணக்கு. கால் 100, பொட்டி 720, கல்லு 18, ஆக 838 மி.மீ., அதாவது 33 அங்குலம். மூணு டிராயர் யூனிட்ல மேல ஒரு எல் புரொபைல், நடுவுல ஒரு சி புரொபைல் போனா 720ல ஏறக்குறைய 5 அங்குலம் புரொபைலுக்கே போயிருது. மீதில டிராயரைப் பிரிக்கோணும். கரண்டிக்கு ஒண்ணு, டப்பாவுக்கு ஒண்ணு, போசிக்கு ஆழமா ஒண்ணு. குக்கர் மூடியோட உள்ள போகுதான்னு ஆர்டருக்கு முன்னால அளந்து பாருங்க.

எல் மூலைல ரெண்டு பக்கமும் 50 மி.மீ. பில்லர் பட்டை (இடைவெளியை அடைக்கற பலகைப் பட்டை) விடாட்டி ஒரு டிராயர் இன்னொரு டிராயர் முகப்புல இடிச்சு நிக்கும். சுவர்க் கோடியிலயும், சன்னல் கதவு நிலைக்குப் பக்கத்துலயும் அதே மாதிரிப் பட்டை வேணும்.

மேல் வரிசை ஷட்டருக்குப் புரொபைலே தேவையில்லை. ஷட்டரைப் பொட்டிக்குக் கீழ 20 மி.மீ. இறக்கி விட்டா விரல் போட்டு இழுத்துக்கலாம்.

பொள்ளாச்சி சமையல் | 5 ஜூன், மதியம் 3.30

கோலா வேணாம்னு சொல்லலை. ஆனாத் தோசை மாவும் மஞ்சத்தூளும் அந்தப் பள்ளத்துக்குள்ளதான் போய் உக்காரும். வெள்ளை புரொபைல் எடுக்காம அலுமினிய நிறமோ சாம்பலோ எடுங்க. பழைய டூத் பிரஷ்ல வாரம் ஒருக்கா இழுத்தாப் போதும்.

வெள்ளை குவார்ட்ஸ் பத்தி: அது கல்லுத்தூளும் ரெசினும் சேந்தது. அடுப்புல இருந்து எடுத்த வாணலியை நேரா வெச்சா ரெசின் கருகி மஞ்ச வட்டம் விழும், பாலிஷ் போட்டாலும் போகாது. சன்னல் வெயில் தினமும் நேரா விழற இடத்துல பழுப்பு ஏறும், உங்களுக்குக் கிழக்கு வெயில் அந்த ஆறு அடி மேலதான் விழுது. மஞ்சக்கறை சூரிய வெளிச்சத்துல தானே வெளுக்கும், அதுக்குப் பயப்பட வேண்டாம். சூடுதான் பெரிய ஆபத்து.

கோவை டிசைன் | 5 ஜூன், மாலை 5.10

சூட்டுக்குக் கிரானைட்தான். கருப்பு பாலிஷ் கல்லு போட்டா போர் தண்ணி காயற இடமெல்லாம் உப்புப் புள்ளி தெரியும். வெள்ளைக் கிரானைட் எண்ணெயை உறிஞ்சும், சீலர் அடிச்சுட்டே இருக்கோணும். நடுத்தரச் சாம்பல், பூ சின்னதா, பாலிஷ் பண்ணினது. கறையும் தெரியாது, உப்பும் தெரியாது, வெள்ளை ஷட்டரோட அமைதியா நிக்கும். 18 மி.மீ. கிரானைட் சதுர அடிக்கு நாலரைக் கிலோ வரும். உங்க 12 அடி மேடை 25 அங்குல அகலத்துல 113 கிலோ. அதனால ஒவ்வொரு பொட்டிக்கும் நாலு கால், மூணு அடிக்கு மேல அகலமான பொட்டிக்கு நடுவுல இன்னும் ரெண்டு.

மாடுலர் பிட்டர் | 5 ஜூன், இரவு 8.40

கருப்புக் குழாய் வேண்டாம். போர் தண்ணில ஒரு மாசத்துல வெள்ளைப் பொருக்கு பிடிக்கும். அதைய எடுக்க சிட்ரிக் ஆசிட் போட்டுத் தேச்சா மேல்பூச்சும் சேந்து போகும். பிரஷ்டு ஸ்டீல் குழாய் எடுங்க. தண்ணிக்கு டி.டி.எஸ். (கரைஞ்சிருக்கற உப்பு அளவு) எவ்வளவு?

பெருந்துறை வீடு | 6 ஜூன், காலை 7.30

மீட்டர்ல 1,150 காட்டுதுங்க.

பொள்ளாச்சி சமையல் | 6 ஜூன், 8.20

டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். பொருக்கு பிடிக்கறது கால்சியம், மெக்னீசியத்தால, அதுக்குக் கடினத்தன்மை தனியாப் பாக்கோணும். குடிதண்ணித் தரம் ஐ.எஸ். 10500ல ஏத்துக்கற அளவு லிட்டருக்கு 200 மி.கி., வேற தண்ணியே இல்லாட்டி 600 வரை. லேப்ல குடுத்துப் பாருங்க. 600 பக்கம் வந்தா வீட்டு லைனுக்கே உப்புப் போடற சாப்ட்னர் வைக்கறது நல்லது. ஆர்.ஓ. குடிக்க மட்டும்தான். சிறுவாணித் தண்ணி வர்ற கோயமுத்தூர் வீட்டுப் படத்தைப் பாத்துக் குழாய் முடிவு பண்ணாதீங்க.

ஈரோடு ஒயரிங் | 6 ஜூன், 10.00

சுவர் இடிக்கற இந்த நேரத்துலயே பாயிண்ட் குறிச்சுருங்க. டைல்ஸ் ஒட்டின பிறகு வெட்டினாக் காலத்துக்கும் ஒட்டுத் தெரியும். கிரைண்டர், மிக்சி ரெண்டும் 6 ஆம்ப் போதும், பொட்டிக்கு உள்ள சாக்கெட், வெளிய சுவிட்ச். இண்டக்சன், ஓவன் ரெண்டுக்கும் தனித்தனி 16 ஆம்ப், 2.5 சதுர மி.மீ. ஒயர், தனித்தனி எம்.சி.பி. (கரண்ட் கூடினா விழற சுவிட்ச்). 2,000 வாட் இண்டக்சன் 9 ஆம்ப் பக்கம் இழுக்கும், ரெண்டையும் ஒரே லைன்ல போட்டா டிரிப் ஆகும். பாத்திரம் கழுவற மெஷினுக்கு இப்பவே சிங்க் பக்கம் ஒரு 16 ஆம்ப், ஒரு தண்ணி லைன், ஒரு வடிகால். மொத்தத்துக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா நிறுத்தற சுவிட்ச்).

மேடைக்குள்ள இருந்து எந்திரிக்கற பாப்-அப் சாக்கெட் ஆகாது. ஈரத்துணி போட்டுத் துடைக்கற மேடை நம்மளது.

எல்.இ.டி. பட்டை மேல் பொட்டியோட முன் ஓரத்துல, உள்பக்கம் சாஞ்ச புரொபைல்ல, 4000 கெல்வின். பின் ஓரத்துல போட்டா டைல்ஸ் மட்டும் மின்னும், நறுக்கற இடம் இருட்டா இருக்கும். பட்டைக்குக் கரண்ட் குடுக்கற டிரைவரைக் கழட்டற மாதிரி வைங்க.

பெருந்துறை வீடு | 6 ஜூன், மாலை 4.45

சிலிண்டரை ஹாப்புக்குப் பக்கத்து யூனிட்டுக்குள்ள வெச்சு, ஷட்டர் மேல் பக்கம் ஜாலி விட்டாப் போதும்னு சொல்றாங்க. சரியா?

ஈரோடு ஒயரிங் | 6 ஜூன், 5.05

தப்புங்க. எல்.பி.ஜி. காத்தைவிடக் கனம், கசிஞ்சாத் தரையோட தேங்கும். ஜாலி கீழதான் வேணும். அந்த யூனிட்டுக்குள்ள எந்த சுவிட்சும் சாக்கெட்டும் இருக்கக்கூடாது. குழாய் கேஸ் மீத்தேன், அது லேசு, மேல ஏறும், அதுக்கு மேல் பக்கம் காத்து வழி வேணும். நீங்க இடிச்சுக் கட்டறதால, சிலிண்டரை வெளியவே நிழல்ல ஒரு கம்பிக் கதவு அறைல வெச்சு, காப்பர் லைன்ல உள்ள கொண்டாறது எல்லாத்தைவிட நல்லது. உள்ள ஒரு வால்வு, ஹாப்ல இருந்து கை எட்டற தூரத்துல. யூனிட்டும் ஒண்ணு மிச்சம்.

பட்டறை பல்லடம் | 7 ஜூன், காலை 7.00

சிம்னி பத்தி யாரும் பேசலை. நம்ம பக்கம் இதுதான் அதிகமாக் கெடற இடம். பாலக்காட்டுக் கணவாய் வழியா ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மேகாத்து (மேற்குக் காத்து) அடிக்குது. சிம்னி வாய் மேற்கயோ தென்மேற்கயோ பாத்து இருந்தா, ஆடி மாசம் காத்து குழாய்க்குள்ள எதுத்து அடிச்சு, மிளகாய் தாளிச்ச புகை முழுசும் திருப்பி வீட்டுக்குள்ள வரும். மோட்டார் மணிக்கு 1,200 கன மீட்டர்னு போட்டிருந்தாலும் ஒண்ணும் பண்ணாது. உங்களுக்கு அடுப்பு கிழக்குச் சுவர்ல, நேராக் கிழக்கே வெளிய விடுங்க, காத்தே இழுத்துட்டுப் போயிரும். வாய்ல தானா மூடற தகடு வெச்ச மூடி போடுங்க, அணிலும் வராது.

குழாய் 6 அங்குலம்னா கடைசி வரைக்கும் 6 அங்குலம். சுவர்ல 4 அங்குலத் துளை போட்டுச் சுருக்கினா சத்தம் கூடும், இழுப்பு குறையும். வளைவு ஒண்ணுக்கு மேல வேண்டாம். ஹாப்ல இருந்து சிம்னி அடி 26ல இருந்து 30 அங்குலத்துக்குள்ள. பள்ளிபாளையம் சிக்கன் மாதிரி மிளகாய் அதிகம் வதக்கற வீடுன்னா 26 பக்கமே வைங்க.

மேற்குக் கதவையும் கிழக்குச் சன்னலையும் ஒண்ணாத் திறந்தா காத்து அடுப்பை அணைக்கும். தீ அணைஞ்சா கேஸை நிறுத்தற பிளேம் பெயிலியர் வால்வு இருக்கற ஹாப் எடுத்துருங்க.

மாடுலர் பிட்டர் | 7 ஜூன், 9.50

வேலை வரிசை: இடிப்பு, கரையான் மருந்து, பைப்பும் ஒயரும், பைப்புக்குப் பிரஷர் டெஸ்ட், பூச்சு, தரை டைல்ஸ், அப்பறம்தான் கடைசி அளவு. பூச்சுக்கு முன்னால எடுத்த அளவுல பொட்டி செஞ்சா நிச்சயமா மாறும். மூலை சதுரமா இருக்கான்னு 3, 4, 5 அடி போட்டுப் பாருங்க. கீழ் பொட்டி நின்ன பிறகு கல்லுக்கு அச்சு, ஹாப்பும் சிங்க்கும் கைல வந்த பிறகு துளை. அதுக்குப் பிறகு சுவர் டைல்ஸ், டைல்ஸ் இடுக்குக்கு எபாக்சி குரௌட். மேல் பொட்டி, சிம்னி கடைசி.

கரையான் மருந்துக்குச் சுவரும் தரையும் சேர்ற இடத்துல ஏறக்குறைய அடிக்கு ஒரு துளை போட்டு விடோணும். பைப் சுவரைத் தாண்டற ஓட்டையைச் சிமெண்ட் வெச்சு அடைங்க, அந்த வழியாத்தான் பொட்டிக்கு ஏறுது. பொட்டிக் காலை மறைக்கற ஸ்கர்ட்டிங் மரத்துல வேண்டாம், கழட்டி மாட்டற அலுமினியம்.

பெருந்துறை வீடு | 8 ஜூன், இரவு 9.15

சாம்பல் கிரானைட், 710 பொட்டி, எச்.டி.எச்.எம்.ஆர். ஷட்டர், கீழ அலுமினியக் கோலா, பிரஷ்டு ஸ்டீல் குழாய், கிரைண்டருக்குத் தாழ்த்தின பொட்டி, சிலிண்டர் வெளிய. இப்படி முடிவு பண்ணியாச்சுங்க. மேடை உயரம் 33 சரியா? வீட்டுல சமைக்கறவங்க 5 அடி 1 அங்குலம்.

கோவை டிசைன் | 8 ஜூன், 9.40

முழங்கையை மடக்கி நின்னாத் தரைல இருந்து முழங்கை உயரம் எவ்வளவோ, அதுல 4ல இருந்து 6 அங்குலம் கழிங்க. 33க்கு ஒரு அங்குலம் அப்படி இப்படி வந்தாக் காலைத் திருகிச் சரி பண்ணிக்கலாம். அந்த அளவைச் செருப்பு போடாம எடுங்க.

பட்டறை பல்லடம் | 9 ஜூன், காலை 6.40

கல்லுக்காரர்கிட்ட ஒண்ணு சொல்லிருங்க. மேடை முன் ஓரத்துக்கு அடிப்பக்கம், விளிம்புல இருந்து அரை அங்குலம் உள்ள தள்ளி, நீளத்துக்கும் ஒரு சின்னப் பள்ளம் இழுக்கோணும். கட்டர்ல ஒரே இழுப்பு. மேடைல வழியற தண்ணி கல்லோட அடியை ஒட்டியே உள்ள ஓடி கோலாவுக்குள்ள இறங்கும். அந்தப் பள்ளம் இருந்தா அங்கயே சொட்டிரும். கல்லைத் தூக்கி வெச்ச பிறகு இழுக்க முடியாது, பட்டறைல கவுத்து வெச்சிருக்கறப்பவே பண்ணச் சொல்லுங்க.